கொழிஞ்சாம்பாறை பக்கம் வயசானவங்களுக்கு வீட்டுக்கே வர்ற மத்தியான சாப்பாடு, எப்படி இருக்கு?

எங்க அம்மிச்சிக்கு எம்பது தாண்டிருச்சு, கேரளால பாலக்காடு பக்கம் தமிழ்நாட்டு பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறைல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி தோட்டத்து வீட்ல தனியா இருக்காங்க, நாங்கெல்லாம் கோயமுத்தூர்ல, கூப்ட்டா வரவே மாட்டாங்க. முடியாதவங்கள வீட்டுக்கே வந்து பாத்துக்கற பாலியேட்டிவ் நர்ஸ் அக்கா சொல்லித்தான் உள்ளூர்க்காரங்க சேந்து நடத்தற இந்த சாப்பாட்டு சேவைல பேர் குடுத்தோம். பெத்தவங்கள பார்டருக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு வந்தவங்க நிறைய பேருக்கு உதவும்னு விவரமா எழுதறேன்.

மொதல்ல அரிசி. கேரளா சமையல்னா தடிச்ச செவப்பு மட்ட அரிசிதான் வரும், பல்லு இல்லாதவங்களுக்கு அது ஆகாதுங்க. இவங்க பேர் எழுதும்போதே கேட்டுக்கிட்டாங்க, தமிழ் வீடுகளுக்கு பொன்னி அரிசி கொழைய வடிச்சு தனியா வருது. தூக்குப்போசி மூடில ஒரு ஸ்டிக்கர், அதுல மலையாளத்துலயும் தமிழ்லயும் பேரு, கீழ "உப்பு கம்மி, காரம் வேண்டாம்"னு பேனால எழுதிருக்கும். பருப்பு இல்லன்னா சாம்பார், ஒரு பொரியல், மோரு, அவ்ளோதான், ஆனா பீன்ஸ் பொரியல்னா அவ்ளோ பொடிசா நறுக்கி நல்லா வேக வெச்சிருப்பாங்க, அந்த கவனிப்புக்கே கையெடுத்து கும்பிடலாம்.

காசு விசயம் இன்னும் நல்லாருக்கு. மாசம் ஒருக்கா ஒரு கவர் குடுப்பாங்க, முடிஞ்சத போட்டு ஒட்டி குடுக்கலாம், வெறும் கவரும் குடுக்கலாம், யாரு எவ்ளோ போட்டாங்கன்னு எழுதி வெக்கறதே இல்ல. ஓசிச்சோறு திங்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்ன அம்மிச்சி இப்ப பென்ஷன்ல கொஞ்சம் எடுத்து கவர்ல வெச்சுட்டு நிம்மதியா சாப்பிடறாங்க. ஆலப்புழைக்கு பக்கத்துல பாதிரப்பள்ளில 2018ல ஆரம்பிச்ச மக்கள் சாப்பாட்டுக்கடையான ஜனகீய பக்‌ஷணசாலைலயும் கேஷியரே கிடையாது, முடிஞ்சத பெட்டில போட்டுட்டு போலாம்.

இந்த மாதிரி வீட்டுக்கு கொண்டு போய் குடுக்கற பழக்கம் ரெண்டாம் உலகப்போர் நேரத்துல 1943ல பிரிட்டன்ல பெண் தன்னார்வலர்கள் ஆரம்பிச்சது, 1954ல அமெரிக்கால ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்துச்சு, அங்க தட்டு தூக்கிட்டு போனதுல பாதிக்கு மேல ஹைஸ்கூல் பசங்க. 1972ல அமெரிக்க அரசாங்கமே நாடு முழுக்க வயசானவங்க சாப்பாட்டுக்கு சட்டத்துல வழி பண்ணுச்சு. நம்ம தமிழ்நாட்ல 1982ல எம்ஜிஆர் சத்துணவு கொண்டு வந்தாரு, அடுத்த வருசமே முதியோர் பென்ஷன் வாங்கறவங்களயும் அதுல சேத்தாங்க. பெரிய விசயந்தான், ஆனா சென்டர் வரைக்கும் நடந்து போகணுமே. கேரளால 2020ல குடும்பஸ்ரீங்கற மகளிர் குழு அக்காமாரு நடத்த வந்த ஜனகீய ஹோட்டல்ல 20 ரூபாய்க்கு ஊண், அதாவது மத்தியான சாப்பாடு, 2023ல மானியம் நின்னப்பறம் 30 ஆச்சு, அப்பவும் சல்லிசுதான். காலு நல்லா இருக்கறவங்களுக்கு அது போதும், முட்டி தேஞ்சு திண்ணைய விட்டே எறங்க முடியாதவங்களுக்கு சோறுதான் வீட்டுக்கு வரணும்.

கொற ரெண்டு இருக்கு. ராத்திரி சாப்பாடு கிடையாது, ஞாயித்துக்கிழம லீவு. மழ புடிச்சா ஒரு மணிக்கு வர வேண்டியது ரெண்டர ஆயிரும், சுகர் மாத்தர போடறவங்க வீட்ல பிஸ்கட் கிஸ்கட் வெச்சுக்கோங்க.

சேரணும்னா பாலியேட்டிவ் நர்ஸ் இல்லன்னா வார்டு மெம்பர்கிட்ட சொல்லுங்க, என்ன மாத்தர சாப்பிடறாங்க, எது ஒத்துக்காதுன்னு தாள்ல எழுதி குடுத்துருங்க. அப்பறம் இத நடத்தறவங்களுக்கு இப்ப பணத்த விட வண்டி ஓட்ட ஆளுதான் பத்தல, ஞாயித்துக்கிழம ஊருக்கு வர்ற பசங்க ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி நின்னா அந்த லீவு நாளும் ஓடும்னு சொல்றாங்க, நான் பேர் குடுத்துட்டேன்.