கோவை, பொள்ளாச்சி போய் ரோடு பைக் வாங்கும் பாலக்காட்டுக்காரர்களே, பணம் கட்டும் முன் பின்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கோவைக் கடை ஒன்றில் 23,500 ரூபாய் கொடுத்து, ரோடு பைக் எனப்படும் மெல்லிய டயர் சைக்கிளை வாங்கினார். இரண்டு மாதம்கூட ஓடவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் கோபாலபுரம் தாண்டும்போது பின்சக்கரத்தின் அச்சான ஆக்சில் ஒடிந்துவிட்டது. ஆக்சிலுக்குள் ஓடும் குவிக் ரிலீஸ் கம்பி இழுத்துப் பிடித்திருந்ததால் சக்கரம் கழன்று போகவில்லை. டயர் ஃப்ரேமில் உரசி நின்றதோடு பிழைத்தார். கடைக்கு போன் போட்டால் வந்த பதில்: "பள்ளத்துல எறக்கியிருப்பீங்க தம்பி. அதுவுமில்லாம நீங்க கேரளா, வாரண்டியெல்லாம் இங்க மட்டும்தானுங்க."

அந்த ஆக்சில் ஒடிந்ததற்குக் காரணம் பள்ளம் அல்ல. கேரளாக்காரர் என்பதற்காக அவருக்கு உரிமை இல்லாமலும் போகாது. வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்தபோது என்னென்ன தெரிந்தது, அதையெல்லாம் கடையிலேயே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதை விவரமாக எழுதுகிறோம். கோவையிலும் பாலக்காட்டிலும் நேர்மையான கடைகள் இருக்கின்றன. முதல் ரோடு பைக் வாங்குபவருக்கு எது நல்ல கடை என்று தெரிய வழியில்லை என்பதுதான் சிக்கல்.

முதலில் ஒடிந்த ஆக்சில். மலிவு வண்டிகளின் பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், இரண்டு வகை உண்டு. ஒன்றில் பல்சக்கரக் கொத்து முழுவதும் ஹப்பின் மரையில் திருகி ஏற்றப்பட்டிருக்கும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் ப்ரீவீல் என்று சொல்வது இதைத்தான். மற்றது கேசட் வகை. ஹப்போடு சேர்ந்த ஒரு உருளையில் பற்கள் சொருகியிருக்கும். ப்ரீவீல் வகையில் வலப்பக்க பேரிங் ஹப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அதற்கு வெளியே ஏழு பல்சக்கர அகலத்துக்கு ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீண்டிருக்கும். ஓட்டுபவரின் எடையும் செயினின் இழுப்பும் அந்த நீட்டத்தின் மேல் விழ, ஆக்சில் மெல்ல வளைந்து, கடைசியில் வலப்பக்க பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோனை ஒட்டி ஒடியும். இந்த வண்டியிலும் சரியாக அங்கேதான் ஒடிந்திருந்தது. கேசட் ஹப்பில் அந்த பேரிங் உருளையின் வெளி ஓரத்துக்கே போய்விடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இதைக் கண்டுபிடிக்க டூல் எதுவும் வேண்டாம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பற்களைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு நடுவே, ஆக்சிலைச் சுற்றி, டூல் மாட்டுவதற்கான வரிப்பள்ளங்கள் தெரியும். பற்களோடு சேர்ந்து அந்த வரிப்பள்ளமும் சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, வரிப்பள்ளம் அசையாமல் நின்றால் ப்ரீவீல். ப்ரீவீல் இருக்கிறது என்பதற்காக மட்டும் வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எடை குறைந்தவர், ஒழுங்கான ரோட்டில், ஏழு கியர் வண்டிக்கு உரிய விலையில் வாங்கினால் ஓடும். இந்த மாணவரிடம் "கிளாரிஸ் லெவல்" என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

கிளாரிஸ் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜப்பானின் ஷிமானோ கம்பெனி ரோடு பைக்குகளுக்குச் செய்யும் கியர் பாக வரிசையில் கீழிருந்து மேலாக டூர்னி 7 கியர், கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10. இவை பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை. இப்போது கியூஸ் என்ற புது வரிசையும் வந்திருக்கிறது. ஃப்ரேமில் "ஷிமானோ 14 ஸ்பீடு" என்று ஸ்டிக்கர் இருந்தால், பின்னால் ஏழு பல்சக்கரம், முன்னால் இரண்டு என்பதற்கு மேல் அதில் எந்தத் தகவலும் இல்லை. இந்த வண்டியில் ஷிமானோ என்று இருந்தது, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டிரெய்லர் மட்டுமே. அதுவும் ஃப்ரேமில் அதற்கென்று உள்ள காதில் மாட்டப்படாமல், ஒரு தகட்டுக் கொக்கி வழியாக ஆக்சிலோடு சேர்த்து இறுக்கப்பட்டிருந்தது. கியர் மாற்றும் லீவர்கள் பெயரில்லாதவை, ஹேண்டிலை நடுவே பிடித்திருக்கும் ஸ்டெம்மில் இருந்தன. ஒவ்வொரு முறை கியர் மாற்றவும் ஒரு கையை பிரேக்கிலிருந்து எடுக்க வேண்டும். வாளையார் வழியாக லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

பாகத்தின் மேலேயே மாடல் எண் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் உட்பக்கத்தில். டூர்னி ரோடு லீவர் எஸ்டி-ஏ070 (ST-A070), கிளாரிஸ் எஸ்டி-ஆர்2000 (ST-R2000), சோரா எஸ்டி-ஆர்3000 (ST-R3000). டிரெய்லருக்கு இதே எண்கள் ஆர்டி (RD) என்று தொடங்கும். ஆர்டி-டிஒய் (RD-TY) என்று பார்த்தால் அது சாதாரண கியர் சைக்கிளுக்கான டூர்னி. போனில் டார்ச் அடித்து லீவர், பின் டிரெய்லர் இரண்டிலும் எண்ணைப் படியுங்கள். கடைக்காரர் வாயால் சொன்ன பெயரும் இந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். மைக்ரோஷிப்ட் லீவர் இருந்தால் பயப்பட வேண்டாம். அது தைவான் கம்பெனி, ஒழுங்காக வேலை செய்யும். அதை ஷிமானோ என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் அலாய், அதாவது அலுமினியக் கலவை, என்றார்கள் அவரிடம். காந்தம் ஒட்டிக்கொண்டது. பிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். போர்க்கின் இரண்டு கால்கள், ஃப்ரேம் குழாய்கள், ரிம்மில் பிரேக் கட்டை படும் இடம் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். அலுமினியத்திலும் கார்பனிலும் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். ரிம்மில் ஒட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும், ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் நம் பக்கம் மாதக்கணக்கில் ஈர ரோடுதான். எடையும் பாருங்கள். லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் தராசு போதும். அலுமினிய ஃப்ரேம் உள்ள ஆரம்ப நிலை ரோடு பைக் 10 முதல் 11.5 கிலோவுக்குள் நிற்கும். இது 15 கிலோவைத் தாண்டியது.

எடை கூடியதில் வண்டியின் 40 மில்லிமீட்டர் உயர ரிம்முக்கும் பங்கு உண்டு. பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருக்கும், அதனால் விற்பனையும் ஆகும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று யோசித்தாலே இந்த ரிம் நமக்கு ஆகாது என்பது புரியும். பாலக்காட்டுக் கணவாயில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று உயர ரிம்மைத் தள்ளும், முன்சக்கரம் திடீரென்று திரும்பும். குட்டையான அலாய் ரிம், 28 அல்லது 32 அளவு டயர், இது போதும்.

கியர் விகிதத்தை யாரும் கேட்பதே இல்லை. இந்த வண்டியில் முன்னால் இரண்டு பல்சக்கரங்களில் 52, 42 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல். மிக இலகுவான கியரிலேயே பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 3.15 மீட்டர் போகும். முன்னால் 50-34 இருந்திருந்தால் அதே 28 பல்லோடு 2.55 மீட்டர், பின்னால் 32 இருந்தால் 2.23. சமவெளியில் வித்தியாசம் தெரியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏற நினைப்பவர் இந்த 42 பல்லோடு போனால் முட்டி போய்விடும். முன்பக்கச் சின்னச் சக்கரத்தில் 34 பல், பின்பக்கப் பெரிய சக்கரத்தில் 28 பல்லுக்குக் குறையாமல், முடிந்தால் 32 பார்த்து வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பல்லை எண்ணிவிடுங்கள்.

அளவு விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். 163 சென்டிமீட்டர் உயரமுள்ள பையனுக்கு 56 சென்டிமீட்டர் அளவு ஃப்ரேம். கடையில் இருந்தது அது ஒன்றுதான். "சீட்டை எறக்கிக்கலாம் தம்பி, எல்லாம் செட் ஆயிடும்" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். சீட்டை இறக்கலாம், மேல்குழாயின் நீளத்தைக் குறைக்க முடியாது. அவருக்கு 49 முதல் 52-க்குள் இருக்க வேண்டும். 56-ல் ஹேண்டில் எட்டாமல் முதுகை நீட்டிப் படுத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார், கை மரத்துப் போகிறது. ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை இறுக்கமாக வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து கொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் தண்டு (கிராங்க்) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 75 சென்டிமீட்டர் என்றால் 66.2. இந்த உயரத்துக்கு சீட்டை வைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வண்டியின் மேல்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நின்றால் உங்களுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் இடமாவது வேண்டும்.

பெட்டியில் வரும் வண்டியைக் கடைதான் பூட்டித் தருகிறது. நல்ல வண்டியும் இந்த இடத்தில் கெடும். இந்த வண்டியின் இடது பெடலைக் கழற்றியபோது மரையில் அலுமினியச் சீவல் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. இடது பெடலுக்கு எதிர்மரை. இடஞ்சுழியாகத் திருகினால்தான் ஏறும். அதை வலது பெடல் மாதிரி நினைத்து ஸ்பேனர் போட்டு அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். கிராங்க் மரை அறுந்துபோய், இன்னும் ஒரு ஏற்றத்தில் பெடல் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். பெடலைக் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்ற முடிய வேண்டும். அதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

போர்க் பின்பக்கமாகத் திருப்பி மாட்டப்பட்ட வண்டிகளும் விற்பனைக்கு நிற்கின்றன. ரிம் பிரேக் வண்டியில் முன் பிரேக் போர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். டிஸ்க் வண்டியில் முன் டிஸ்க் ஓட்டுபவரின் இடப்பக்கம். மாறியிருந்தால் போர்க் முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கிறது. அடுத்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், இன்னொரு கை விரலை, போர்க் ஃப்ரேமுக்குள் சுழலும் பேரிங் இடமான ஹெட்செட்டின் இடுக்கில் வையுங்கள். 'டக் டக்' என்று தெரிந்தால் லூசு. சரிசெய்யும் முறை: ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடியை இறுக்கி, பிறகு பக்கவாட்டை 5 நியூட்டன் மீட்டர் அளவில் பூட்ட வேண்டும். பக்கவாட்டைத் தளர்த்தாமல் மேல் மூடியை மட்டும் முறுக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு கியரைக் கொண்டுபோய், டிரெய்லரைக் கையால் சக்கரத்தின் பக்கம் தள்ளிப் பாருங்கள். சக்கரக் கம்பியைத் தொட்டால், டிரெய்லர் உள்ளே போகும் எல்லையை நிறுத்தும் எல் ஸ்க்ரூ சரியாக வைக்கப்படவில்லை. ரோட்டில் செயின் கம்பிக்குள் போய் டிரெய்லரையே பிய்த்துவிடும். சக்கரத்தைச் சுற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டரில் சக்கரக் கம்பிகள் தளர்வது பல வண்டிகளில் நடப்பதுதான். அதற்கான இலவச சர்வீஸ் உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஸ்டீல் ஸ்கேலில் செயினின் 24 கண்ணியை கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவரை அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும், எட்டில் ஒன்று கூடியிருந்தால் பின்பற்களும் போயிருக்கும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

இனி பில். இந்த மாணவருக்குக் கிடைத்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட வெள்ளைத் தாள். ஜி.எஸ்.டி. எண் இல்லை, ஃப்ரேம் எண் இல்லை. பில் வேண்டுமென்றால் வரி தனியாகக் கட்ட வேண்டும் என்றார்களாம். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதான், அதன் மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் 12 என்று போட்டால் கேளுங்கள். ஃப்ரேம் எண் பெரும்பாலும் கிராங்க் அச்சுக் குழாயின் அடியில் குத்தியிருக்கும். வண்டியைக் கவிழ்த்து, அந்த எண்ணை பில்லிலும் வாரண்டி கார்டிலும் எழுதச் சொல்லுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க கேரளா" என்ற பேச்சுக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கோவையில் இருந்தாலும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் எடுத்துக்கொள்ளும். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது அதே சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள். அதனால் குறை தெரிந்த அன்றே எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

பில் இல்லாவிட்டாலும் கைவிட்டுவிட வேண்டாம். யு.பி.ஐ. பணம் போன பதிவு, கடைக்காரர் விலை சொன்ன வாட்ஸ்அப், கடை வாசலில் எடுத்த போட்டோ எல்லாம் சாட்சிதான். ஒடிந்த பாகத்தை வேறு கடையில் கொடுத்து மாற்றும் முன், வண்டியில் இருந்த நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு கழற்றிய பாகத்தைக் கழுவாமல், துடைக்காமல் கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். இந்த மாணவரின் ஆக்சிலும் சீவல் ஒட்டிய பெடலும் அப்படித்தான் இருக்கின்றன. கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது, பதிலுக்கு 15 நாள் கொடுத்திருக்கிறார். பதில் வராவிட்டால் அடுத்தது பாலக்காட்டில் புகார்.