எஸ்.பி. ரோடு டப்பாவில் ஆல்பைன்: ஒரு கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் சரி

பெங்களூரு அல்சூரில் என் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸில் ஆரம்பித்து காதுகுத்து, சீமந்தம், கல்யாண ஆல்பம் வரை எல்லாப் படமும் நாலைந்து ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கிறது. அதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டு, கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கிற மாதிரி செய்து கொடுடா என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போன சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி வாங்கினோம். 4 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி, 6,500 ரூபாய். கடைக்காரர் கன்னடத்தில் விலையை ஆரம்பித்து, சித்தப்பா என்னிடம் முணுமுணுத்ததைக் கேட்டதும் தமிழுக்கு மாறி, 300 ரூபாய் குறைத்தது தனிக் கதை.

அதில் ஆல்பைன் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதில் போடக்கூடிய ஒரு சின்ன, இலவச இயங்குதளம்) போடலாம் என்றேன். சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "கீபோர்டு என் கையில் இருக்கும், நீ பக்கத்தில் உட்கார்." காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு சிஸ்டத்தை (பேர் வேண்டாம்) நான் அவசரமாக நிறுவினேன். வழக்கமான அமைப்போடு தொடரவா என்று அது கேட்டது, 'ஆம்' ஏற்கெனவே தேர்வாகி இருந்தது, நானும் என்டர் தட்டிவிட்டேன். பேக்கப் டிஸ்க்கும் அப்போது சொருகி இருந்ததைக் கவனிக்கவில்லை. ஒசூரில் எடுத்த ஒரு கல்யாணம் முழுக்கப் போய், மென்பொருள் வைத்துத் தோண்டியதில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த ஸ்கிரீனில் 'அழியும்' என்ற ஒரு வார்த்தை இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அதனால் இந்த விமர்சனம் ஆல்பைன் எவ்வளவு வேகம், எவ்வளவு மெமரி தின்கிறது என்பதைப் பற்றி அல்ல. நிறுவும் ஸ்கிரிப்ட் (கேள்வி கேட்டுக் கேட்டு சிஸ்டத்தை நிறுவும் கட்டளைத் தொகுப்பு) நம்மிடம் எப்படிப் பேசுகிறது என்பதைப் பற்றி மட்டும்தான்.

ஆல்பைனில் படம் போட்ட இன்ஸ்டாலர் கிடையாது. சில நூறு எம்பி ஃபைலை பென் டிரைவில் ஏற்றி பூட் செய்தால் கறுப்புத் திரையில் 'லோக்கல்ஹோஸ்ட் லாகின்' என்று வந்து நிற்கும். இங்கே 'ரூட்' (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கின் பேர்) என்று அடிக்க வேண்டும், பாஸ்வேர்டு கிடையாது, ஆனால் அதைத் திரை சொல்லாது. முதல் வாசலிலேயே தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுமதி என்கிற மாதிரி. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் சொன்னேன், அடித்தார். உள்ளே போனதும் வரவேற்புச் செய்தியிலேயே 'செட்டப்-ஆல்பைன்' என்ற கட்டளையைக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறது. அது நல்ல பழக்கம். அடுத்து என்ன அடிக்க வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடுகிறது.

அதற்கப்புறம் கேள்வி ஒவ்வொன்றாக வருகிறது. எல்லாம் ஷெல் ஸ்கிரிப்ட்தான், ஒரு வரிக் கேள்வி, சதுர அடைப்புக்குள் வழக்கமான பதில், அது போதும் என்றால் என்டர். மூன்றாவது கேள்விக்குள் சித்தப்பாவுக்கு இந்த முறை பிடிபட்டுவிட்டது, "அடைப்புக்குள் இருக்கிறதைப் படிச்சிட்டு தட்டினால் போதும்தானே" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் 58 வயது மனிதருக்கு இது புரிந்தது என்றால், எழுதியவர்களுக்கு ஒரு சபாஷ்.

நேர மண்டலம் கேட்கும்போது ஆசியா என்று கொடுத்தால் அதற்குள் எந்த ஊர் என்று கேட்கும். பெங்களூரு இல்லை, சென்னையும் இல்லை, கொல்கத்தாதான். இது உலகம் முழுக்கப் பயன்படும் பட்டியலில் இருப்பது, ஆல்பைன் மேல் குறை சொல்ல முடியாது.

பாஸ்வேர்டில்தான் முதல் குழப்பம். சித்தப்பா கடைப் பெயரையே போட்டார். 'மோசமான பாஸ்வேர்டு, பலவீனமாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, அதற்கு அடுத்த வரியே மறுபடி அடிக்கச் சொன்னது. நிராகரித்துவிட்டது, வேறு ஒன்று கேட்கிறது என்று நினைத்து அவர் புதிதாக ஒன்றை அடிக்க, இரண்டும் பொருந்தவில்லை என்று திட்டு. உண்மையில் அது வெறும் எச்சரிக்கைதான். ரூட் பயனராக இருப்பதால் பலவீனமான பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்ளும், அதே பாஸ்வேர்டை இன்னொரு தடவை அடி என்றுதான் கேட்கிறது. இந்த வரி ஆல்பைன் எழுதியதே அல்ல, உள்ளே இருக்கும் பிஸிபாக்ஸ் என்ற சின்னக் கட்டளைகளின் தொகுப்பு தரும் செய்தி. ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு யார் எழுதினால் என்ன? 'பலவீனமானதுதான், பரவாயில்லை என்றால் அதையே மறுபடி அடிக்கவும்' என்று போட்டிருந்தால் தீர்ந்தது. ஒரு வகையில் நல்லதே நடந்தது, கடைசியில் அவர் கொஞ்சம் உருப்படியான பாஸ்வேர்டாகப் போட்டார்.

பேக்கேஜை (மென்பொருள் பொட்டலத்தை) எங்கிருந்து இறக்க வேண்டும் என்ற கேள்வியில் நல்ல முன்னேற்றம். பழைய பதிப்புகளில் உலகத்து மிரர் (அதே ஃபைல்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) பட்டியல் மொத்தமும் சரசரவென்று ஓடி, மேலே வந்தது என்ன என்றே தெரியாது. இப்போது வேகமானதைக் கண்டுபிடி, பட்டியலைக் காட்டு என்று நாலைந்து தேர்வுகள் மட்டும். பட்டியல் வேண்டுமென்றால் ஒரு எழுத்தைத் தட்டினால் வரும். செய்தியைக் குறைப்பது என்றால் இப்படி.

இப்போது டிஸ்க். இதற்காகத்தான் நான் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். படங்கள் இருக்கும் டிஸ்க்கை முன்கூட்டியே கழற்றி மேஜை டிராயரில் வைத்தாயிற்று (நீங்களும் அப்படியே செய்யுங்கள், எந்த இன்ஸ்டாலராக இருந்தாலும்). எந்த டிஸ்க் என்று கேட்கும்போது ஜிபி அளவையும் கம்பெனி பேரையும் சேர்த்துக் காட்டுகிறது. அடைப்புக்குள் 'எதுவும் வேண்டாம்' என்பதுதான் இருக்கிறது, சும்மா என்டர் தட்டினால் எதுவும் போகாது. சரி, சரியான எண்ணம்.

அப்புறம் வருகிறது அந்த ஒரு கேள்வி. டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்த வேண்டும்: 'சிஸ்', 'டேட்டா', 'கிரிப்ட்', 'எல்விஎம்' (கடைசி இரண்டும் டிஸ்க்கைப் பூட்டி வைக்கவும் பிரித்து வைக்கவும், இங்கே வேண்டாம்). சித்தப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துவிட்டு, "நமக்கு டேட்டாதானே வேணும், படம் வைக்கத்தானே வாங்கினோம்" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? நானே புதிதாகப் பார்த்திருந்தால் அதைத்தான் அடித்திருப்பேன். ஆனால் 'டேட்டா' என்றால் சிஸ்டமே டிஸ்க்கில் ஏறாது, ராமில் ஓடும், ஒவ்வொரு முறையும் பென் டிரைவிலிருந்தே பூட் ஆக வேண்டும், செய்த மாற்றங்களைத் தனியாகச் சேமிக்காவிட்டால் கரண்ட் போனதோடு அதுவும் போகும். நமக்கு வேண்டியது 'சிஸ்'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அந்தத் திரையில் இதைவிடச் சின்ன வார்த்தை இல்லை, இதைவிடப் புரியாத வார்த்தையும் இல்லை. 'சிஸ்டம் இந்த டிஸ்க்கிலேயே இருக்கும்', 'சிஸ்டம் பென் டிரைவில், டிஸ்க் சேமிப்புக்கு மட்டும்' என்று எழுதினால் வரி நீளும், நீளட்டுமே.

ஒரே ஆறுதல், இங்கே அடைப்புக்குள் இருப்பது கேள்விக்குறி. என்டர் தட்டினால் உதவிக்குறிப்பு வரும், அதில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தன் கேள்வி புரியாது என்று ஸ்கிரிப்டுக்கே தெரிந்திருக்கிறது, அப்புறம் ஏன் அதையே கேட்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த திரைக்காக மட்டும் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். 'எச்சரிக்கை' என்று ஆரம்பித்து, இன்ன டிஸ்க், இவ்வளவு ஜிபி, அழிக்கப்படும் என்று நேரடியாகச் சொல்லி, தொடரவா என்று கேட்கிறது. வழக்கமான பதில் 'இல்லை'. சித்தப்பா டிராயரைத் திறந்து உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து 'ஒய்' அடித்தார்.

முடிந்ததும் ரீபூட் செய்யச் சொல்கிறது, பென் டிரைவை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்காமல் விட்டால், எதிலிருந்து முதலில் பூட் ஆக வேண்டும் என்று பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில்) இருக்கும் வரிசையைப் பொறுத்து, மறுபடியும் அதே 'லோக்கல்ஹோஸ்ட்' வந்து நிறுவவே இல்லையோ என்று தோன்ற வைக்கும். நான் முதலிலேயே பிடுங்கிவிட்டேன்.

இன்னொரு குறை, எல்லாம் ஆங்கிலம். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் இன்ஸ்டாலரில் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும், இங்கே அதற்கு வழியில்லை. மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. பெட்டி ஷோகேஸுக்குக் கீழே சத்தமில்லாமல் ஓடுகிறது. அதன் மேல் சித்தப்பா ஒரு போட்டோ கவரைக் கிழித்து ஒட்டியிருக்கிறார், ஸ்கெட்ச் பேனாவில் அவர் எழுத்து: "சிஸ். டேட்டா இல்லை."