தான்ஸேஸ், பாலெரின், எத்துவால்: எதைச் சொல்வது?

பிரெஞ்சு பாலே கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது அவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது? பிரெஞ்சில் ஆடுகிற ஆண் 'தான்ஸெர்', பெண் 'தான்ஸேஸ்'. நம் ஆடுபவன், ஆடுபவள் போலத்தான். ஆனால் 'ஆடுபவர்' என்று பொதுவாக, மரியாதையோடு சொல்லிவிட்டுப் போகும் வசதி அங்கே இல்லை.

இலக்கணத்தில் இரண்டும் சமம். புழக்கத்தில் 'தான்ஸேஸ்' பட்ட பாடு அதிகம். 19ஆம் நூற்றாண்டில், பாலே குழுவும் உள்ள பாரிஸ் ஓப்பரா அரங்கின் பணக்காரச் சந்தாதாரர்கள் மேடைக்குப் பின்னால் போய் நடனப் பெண்களைச் சந்திக்கலாம். சிலர் அவர்களை வைப்பாகவும் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் தெகாவின் ஓவியங்களில் திரையோரமாக, உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக நிற்கிறார்களே, அவர்கள்தான். இன்றும் ஒருவர் தன் பழைய காரைக் காட்டி 'இது என் தான்ஸேஸ்' என்றால், பைசா வரவில்லாமல் பணத்தை விழுங்கும் ஆசைப் பொருள் என்று அர்த்தம். 'என் தான்ஸெர்' என்று அந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லை. கால் நோக உழைத்த பெண்களின் பெயர் இப்படி ஆனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சைக்கிள் பந்தயத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கௌரவம்: மலையேற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து, உடம்பை இடமும் வலமும் ஆட்டி மிதிப்பதை, ஓட்டுபவர் ஆணானாலும் 'ஆன் தான்ஸேஸ்' என்றே சொல்வார்கள்.

பாலே ஆடும் பெண்ணைக் குறிக்கும் 'பாலெரின்' இத்தாலியிலிருந்து வந்தது. இத்தாலியனில் ஆணுக்கு 'பாலெரினோ' உண்டு. பிரெஞ்சில் ஆணுக்குப் பழையபடி 'தான்ஸெர்'தான். போதாததற்கு, குதிகால் இல்லாத தட்டை ஷூவுக்கும் இதே பெயர். ஓப்பராவில் நடனக் கலைஞர்களுக்கு உள்ள பதவிப் படிகள் ஐந்திலும் இந்தச் சொல் கிடையாது.

அந்தப் படிகளில்தான் விஷயமே இருக்கிறது. கீழே உள்ள கத்ரீய், கொரிஃபே, சுஜே மூன்றும் இலக்கணப்படி ஆண்பால் சொற்கள், பெண்களுக்கும் அவையே. நான்காவது படியில் பால் பிரிகிறது: 'பிரமியே தான்ஸெர்', 'பிரமியேர் தான்ஸேஸ்'. உச்சியில் 'எத்துவால்', அதாவது நட்சத்திரம். அது பெண்பால் சொல், ஆணுக்கும் அதுவே பட்டம்.

என் ஓட்டு எத்துவாலுக்கு. ஆணுக்கென்று அதைத் திருத்தவில்லை, பெண்ணுக்கென்று வால் ஒட்டவில்லை. ஆனால் அது பதவிப் பெயர், ஆடுகிற எல்லோருக்கும் வைக்க முடியாது. மற்றவர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'நடனக் கலைஞர்' போதும். 'பாலெரின்' வேண்டாம்.