டைரியின் கடைசிப் பக்கத்தை நம்பி ஏமாந்தேன்

ஊற்றுப்பேனாவில் எழுதுகிறவர்கள் யாராவது டைரியோ ஜர்னலோ தேடிக்கொண்டிருந்தால், ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், அதனால் அங்கங்கே சுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி. ஏ5 அளவு, கெட்டி அட்டை, தையல் பைண்டிங், மேஜையில் விரித்தால் மடங்காமல் தட்டையாகக் கிடக்கும். உறையில் கொட்டை எழுத்தில் "ஊற்றுப்பேனாவுக்கு ஏற்ற 100 ஜிஎஸ்எம் தாள்" என்று போட்டிருந்தார்கள். விற்பனைப் படத்தில் திறந்த பக்கத்தின் மேல் ஒரு அழகான பேனாவைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் நாலு வரி நீல நிறத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை. ஒரு கடையைத் தவிர்த்தால் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, இதே வேலையை நாளைக்கு வேறொருவரும் செய்யலாம் என்பதுதான் காரணம்.

நான் ஒன்றும் இதில் புதியவன் இல்லை. புது நோட்டு வந்தால் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் இருக்கிற பேனாக்களையெல்லாம் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம், ஊற்றுப்பேனாக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். இந்த டைரியில் அதற்கென்றே கடைசியில் ஒரு பக்கம் இருந்தது. "உங்கள் பேனாக்களை இங்கே சோதித்துப் பாருங்கள்" என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாகக் கோடுகள். பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது, நம் ஆள் யாரோ உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நாலு பேனாவில் எழுதினேன். மெல்லிசாக எழுதுகிற ஒரு ஜப்பானிய ஃபைன் நிப், நடுத்தரமாக எழுதுகிற ஒரு ஐரோப்பிய மீடியம், தாராளமாக மை விட்டுத் தடிமனாக எழுதுகிற ஒரு பிராட், அப்புறம் வழக்கமாகக் கையில் இருப்பது. நாலும் அற்புதமாக வந்தது. கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தம், மை தேங்கிய இடத்தில் அடர்த்தியும் ஓடிய இடத்தில் வெளிறலுமாக அந்த ஷேடிங், திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் லேசான நிழல் மட்டும். காய்வதற்குக்கூட நல்ல தாளுக்கே உரிய அந்த இருபது முப்பது விநாடி எடுத்துக்கொண்டது. திருப்தியாகி, வந்த பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன்.

இதெல்லாம் டிசம்பர் நடுவில்.

ஜனவரி 1 காலையில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வார்த்தையிலேயே ஏதோ சரியில்லை என்று நிப் வழியாகவே தெரிந்துவிட்டது, வழுக்கிக்கொண்டு போக வேண்டியது பஞ்சைக் கீறுவதுபோல் இழுத்தது. எழுத்து ஒவ்வொன்றும் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் விட்டு நின்றது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் கொடுமை. ண, ஞ, ழ எல்லாம் சுழியை நம்பிப் பிழைக்கிற எழுத்துகள், மை பரவினால் முதலில் அடைபடுவது அந்தச் சுழிகள்தான். நான் எழுதிய "எண்ணங்கள்" என்ற சொல்லை என்னாலேயே படிக்க முடியவில்லை. பக்கத்தைத் திருப்பினால் ஜனவரி 2ஆம் தேதி முழுக்கப் புள்ளி புள்ளியாக மை. அந்த நாள் விடியவே இல்லை, அதற்குள் பக்கம் போய்விட்டது.

முதலில் பேனாவைத்தான் சந்தேகப்பட்டேன். கழுவி, மை மாற்றி, வேறு பேனா எடுத்து, எல்லாம் செய்தேன். பிறகு மறுபடி கடைசிப் பக்கத்துக்குப் போய் எழுதினால் அங்கே மட்டும் ஒரு குறையும் இல்லை! அப்போதுதான் டைரியை மூடி, மேல் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழுப் புத்தகமும் வெள்ளை வெளேர் என்று இருக்க, கடைசியில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தந்த நிறத்தில் தெரிந்தது. தையல் பைண்டிங்கில் புத்தகத்தை ஃபாரம் ஃபாரமாகத்தான் மடித்துத் தைப்பார்கள், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்பது சாதாரணமாக நடக்கிற கணக்கு. ஒரு ஃபாரத்தை மட்டும் வேறு தாளில் அடித்துச் சேர்த்துத் தைப்பது அச்சகத்துக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. எண்ணிப் பார்த்தேன். கடைசிப் பதினாறு பக்கம், "குறிப்புகள்" என்ற பகுதியும் அந்தச் சோதனைப் பக்கமும் மட்டும் நல்ல தாள். தேதி போட்ட பக்கங்கள் மொத்தமும் பிரிண்டரில் போடுகிற மலிவுத் தாள் ரகம்.

தெரியாமல் நடந்திருக்கலாம் என்று முதலில் நானும் பெருந்தன்மையாக நினைத்தேன். மிச்சம் இருந்த தாளைப் பின்னால் சேர்த்திருப்பார்கள், அச்சகங்களில் நடப்பதுதான். அவர்களுடைய பதில்கள் வர வரத்தான் அந்தப் பெருந்தன்மை கரைந்தது.

முதல் பதில் வர எட்டு நாள் ஆனது. "எங்கள் தாள் 100 ஜிஎஸ்எம், எனவே மை ஊற வாய்ப்பில்லை." அவ்வளவுதான் பதில். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். தாள் கனமா லேசா என்பதை அது சொல்லும், மையைத் தாங்குமா என்பதைச் சொல்லாது. ஊற்றுப்பேனாக்காரர்கள் கொண்டாடுகிற டோமோயே ரிவர் தாளின் மெல்லிய வகை வெறும் 52 ஜிஎஸ்எம்தான், பின்பக்க எழுத்தின் நிழல் தெரியும், ஆனால் மை பரவாது, துளைத்துக்கொண்டும் வராது. பிரான்சின் கிளேர்ஃபோன்டேன் நோட்டுகளின் தாள் 90. இதையெல்லாம் விடக் கனமான தாளில் மயிர் விட்டு ஓடுகிறதென்றால் சிக்கல் எடையில் இல்லை என்றுதானே அர்த்தம்?

தாள் என்பது மரக்கூழின் நார்கள் பின்னிக் கிடப்பது. அந்த நார்களுக்குத் தண்ணீர் என்றால் உயிர், நாருக்கும் நாருக்கும் நடுவில் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுக்கும். பால் பாயின்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பதத்தில் இருக்கும் கெட்டிக் குழம்பு, அதனால் எந்தத் தாளிலும் அது அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். ஊற்றுப்பேனா மையில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் தடுத்து நிறுத்தத்தான் தாள் செய்யும்போது சைசிங் என்று ஒன்றைச் செய்வார்கள். கூழிலேயே நீரை ஒட்டவிடாத பொருளைக் கலப்பது ஒரு வகை, செய்த தாளின் மேல் ஸ்டார்ச் மாதிரி ஏதாவது பூசுவது இன்னொரு வகை. துணிக்குக் கஞ்சி போடுவோமே, கிட்டத்தட்ட அதேதான். கஞ்சி சரியாக இருந்தால் மை மேற்பரப்பிலேயே நின்று காயும், இல்லாவிட்டால் நாரைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு தாள் எவ்வளவு நீர் குடிக்கிறது என்று அளக்க காப் சோதனை என்று முறையே இருக்கிறது, ஐஎஸ்ஓ 535 என்ற தரத்தில். எந்த டைரிக்காரரும் அந்த எண்ணை உறையில் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் போடுவது ஜிஎஸ்எம்தான், ஏனென்றால் பெரிய எண்ணைப் பார்த்தால் நாம் மயங்குகிறோம்.

இதைச் சுருக்கி, படங்களோடு எழுதி அனுப்பினேன். ஆறு நாள் கழித்து இரண்டாவது பதில். "உங்கள் பேனா அதிக ஈரமாக எழுதுகிறது. வறண்ட மை பயன்படுத்தவும்." சரி, அதையும் செய்து பார்ப்போம் என்று பார்த்தேன். ஃபைன் நிப்பில் வறண்டு ஓடும் மையைப் போட்டால் பரவல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அந்தத் தாளில் ஓரளவு மரியாதையாக உட்கார்ந்தது அயர்ன் கால் என்கிற மை மட்டும்தான். டானின் அமிலமும் இரும்பு உப்பும் சேர்ந்த அந்த மை எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும். மட்டமான தாளிலும் அடங்கிக் கிடக்கும் என்பதால்தான் அதை நிறையப் பேர் அலுவலகத் தாளுக்கென்று வைத்திருக்கிறார்கள். அதாவது, மோசமான தாளுக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தால்தான் இந்த டைரியில் எழுத முடிகிறது. தவிர அது அமிலத்தன்மை உள்ள மை, பேனாவுக்குள் காயவிட்டால் கழுவுவது பெரும்பாடு, எல்லாப் பேனாவிலும் போட எனக்கு மனசு வராது.

இதற்கு நடுவில் அந்த விற்பனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நாலு வரி நீல எழுத்து முழுக்க ஒரே தடிமன், ஒரே அடர்த்தி, ஓர் இடத்தில்கூட ஷேடிங் இல்லை. ஜெல் பேனாவில் எழுதிவிட்டு மேலே ஊற்றுப்பேனாவை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள் என்று என் கண்ணுக்குப் படுகிறது. அடித்துச் சொல்ல மாட்டேன். பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மூன்றாவது பதில் ஜனவரி கடைசியில் வந்தது, அதைப் படித்து உண்மையிலேயே சிரித்துவிட்டேன். "சோதனைப் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதால் பொருள் பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும், திரும்பப் பெற இயலாது." எழுதிப் பார் என்று அவர்களே அச்சடித்த பக்கம்! நல்ல தாளில் சோதிக்க வைத்து, சோதித்ததையே காரணம் காட்டி ரிட்டர்னை மறுக்கிறார்கள். இதைத் திட்டம் போட்டே செய்தார்களோ என்னவோ, போட்டிருந்தால் போட்டவர் கெட்டிக்காரர். இன்னொன்றையும் கவனியுங்கள். தேதி போட்ட டைரி நாளாக நாளாக மதிப்பு இழக்கிற பொருள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வாரம் இழுத்தால் போதும், வாங்கியவனே சலித்துப்போய் இருப்பதில் எழுதத் தொடங்கிவிடுவான்.

அதனால் டைரி கையில் வந்ததும் உறையைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள், பெட்டியை வைத்திருங்கள். மூடிய நிலையில் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள், நிறத்தில் பட்டை பட்டையாக வித்தியாசம் தெரிந்தால் உள்ளே இரண்டு ரகத் தாள் இருக்கிறது. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தும் பாருங்கள், நார் மேகம் மாதிரித் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா, எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதா என்று. எழுதித்தான் பார்க்க வேண்டுமென்றால் தேதிப் பக்கம் ஒன்றின் மூலையில் ஒரு சின்ன எட்டுப் போட்டுப் பாருங்கள், கடைசிப் பக்கத்தில் வேண்டாம். அதற்கும் தயக்கமாக இருந்தால் தூரிகை நுனியால் ஒரு துளி தண்ணீர் வைக்கலாம். உடனே உறிஞ்சி இருண்டுவிட்டால் அந்தத் தாளில் நம்பிக்கை வேண்டாம். துளி உருண்டு நின்றாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது, மையில் ஓட்டத்துக்காகச் சேர்க்கிற பொருட்கள் இருப்பதால் தண்ணீரை நிறுத்துகிற தாள்கூட மையை விட்டுவிடலாம்.

வாங்குவதற்கு முன்பே கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. "தேதிப் பக்கத்தில், இன்ன மையில், இன்ன நிப்பில் எழுதி, அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். முன்பக்கப் படம் யார் வேண்டுமானாலும் அழகாக எடுத்துவிடலாம்.

பழைய விமர்சனங்களைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. நல்ல பெயரெடுத்த தாள்களே மாறுகின்றன. டோமோயே ரிவர் தாளை முதலில் தயாரித்த டோமோயெகாவா நிறுவனம் அதை நிறுத்த, 2021இல் சான்சென் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்துக்குத் தயாரிப்பு கைமாறியது. ஹோபோனிச்சி என்ற ஜப்பானிய டைரிகளும் 2024 பதிப்பில் புதிய தாளுக்கு மாறின. பழையதும் புதியதும் ஒன்றில்லை என்று புழங்கியவர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அங்கே எதையும் மறைக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லித்தான் மாற்றினார்கள். ஆனாலும் நாலு வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய பாராட்டு உங்கள் கைக்கு வருகிற தாளைப் பற்றியதாக இல்லாமல் போகலாம். பெயர் தெரியாத டைரிகளில் வருடா வருடம் எந்தத் தாள் மலிவோ அது உள்ளே போகும்.

பணம் இன்னும் வரவில்லை. நாலாவது தடவை எழுதியபோது சமாதானமாக ஒரு கூப்பன் அனுப்பினார்கள், அடுத்த வருட டைரிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம். இந்த மாதக் கடைசியோடு அது காலாவதியாகிறது. அடுத்த வருட டைரியை அவர்கள் இன்னும் விற்பனைக்கே வைக்கவில்லை.