ஃபாயில் கைட் கத்துக்க ஈசிஆர் பக்கம் போறவங்க கவனத்துக்கு

கோவளம் பக்கம் ஃபாயில் கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, அடியில் இறக்கை மாட்டிய பலகையில் நின்று கடலில் போகும் விளையாட்டு) சொல்லித் தருவதாக இன்ஸ்டாவில் விளம்பரம் போடும் ஒருவரிடம் 18,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இறக்கை இல்லாமல் தண்ணீர் மேலேயே வழுக்கும் சாதாரண ட்வின்-டிப் போர்டு எனக்கு ஏற்கெனவே ஓரளவு வரும். ஃபாயிலில் காற்றை எதிர்த்து ஏறப் பழகத்தான் சேர்ந்தேன். அது வராவிட்டால், வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் அடிக்கும் தென்கிழக்குக் கடல்காற்று ஆளை வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். அங்கிருந்து கைட்டையும் போர்டையும் சுமந்துகொண்டு சுடுமணலில் திரும்பி நடக்க வேண்டும். வகுப்பு முழுக்க நான் உருப்படியாகச் செய்தது அந்த நடை ஒன்றைத்தான்.

கரையில் நின்றபடி அவர் கத்தியதெல்லாம் ஒரே பாட்டு: "பின்னாடி சாயுங்க சார், பின்கால்ல வெயிட் போடுங்க!" ட்வின்-டிப்புக்கு அது சரி, போர்டின் விளிம்பு தண்ணீரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஃபாயிலில் போர்டு தண்ணீரிலேயே இல்லையே! போர்டுக்கு அடியில் நீளும் மாஸ்ட் என்ற கம்பத்துக்குக் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் இறக்கைதான் ஆளைத் தூக்குகிறது. எடை பின்காலுக்குப் போனால் அதன் மூக்கு நிமிர்ந்துவிடும். வேகம் இருந்தால் இறக்கை விர்ரென்று ஏறித் தண்ணீரை விட்டு வெளியே வந்து, நாம் குப்புற விழுவோம். வேகம் இல்லையென்றால் தூக்கும் விசை அற்று அப்படியே அமிழ்ந்துவிடும். எனக்கு இரண்டும் நடந்தன. இரண்டுக்கும் அவர் சொன்ன பதில்: "உங்க பாடி ஸ்டிஃப்பா இருக்கு சார், இன்னொரு பேக்கேஜ் போட்டுக்கலாம்."

விஷயத்தைச் சொன்னது அங்கே கைட் தூக்கிவிட உதவும் குப்பத்துப் பையன் ஒருவன். "அண்ணா, பின்னாடி ஏன் உக்கார்றீங்க? காத்து வர்ற பக்கமா சாய்ங்க. முன்கால மட்டும் விட்றாதீங்க." அவ்வளவுதான். முதலில் காற்றுக்குக் குறுக்காக ஓடி வேகம் எடுக்க வேண்டும். பிறகு இடுப்பை மடக்காமல், எடையை ஹார்னஸில் (கைட்டோடு நம்மை இணைக்கும் இடுப்புப் பட்டை) தொங்கவிட்டு, போர்டையும் மாஸ்ட்டையும் சேர்த்தே காற்றுப் பக்கம் சாய்க்க வேண்டும். முன்கால் அழுத்தம் குறையக் கூடாது. பார்வையும் தோளும் போக வேண்டிய திசையில். கைட்டைத் தலைக்கு மேலே நிறுத்தினால் அது மேல்நோக்கித்தான் இழுக்கும், அதனால் கொஞ்சம் தாழ்வாக வைக்க வேண்டும். பேராசைப்பட்டு ஒரேயடியாகக் காற்றுக்குள் திரும்பினால் வேகம் செத்துவிடும். இதைச் சொல்ல 18,000 வாங்கியவருக்கு வாய் வரவில்லை.

அவர் கொடுத்த சாமானும் அப்படித்தான். புதிதாகப் பழகுகிறவருக்குக் குட்டை மாஸ்ட்டும் பெரிய முன் இறக்கையும் தர வேண்டும்; மெதுவாகப் போனாலே தூக்கும், விழுந்தாலும் அடி குறைவு. எனக்குக் கிடைத்தது யாரோ ரேஸ் ஓட்டிக் கழித்த நெட்டை மாஸ்ட், கத்தி மாதிரி ஒடுங்கிய இறக்கை. ஹெல்மெட் கேட்டதற்கு "தண்ணிதானே சார்" என்றார்.

கடைசி நாள்தான் உச்சம். இறக்கை மணலில் இடித்து உடைந்துவிட்டதாம், டெபாசிட்டில் 6,000 பிடித்துக்கொண்டார். நான் அந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பழைய எம்-சீல், அதன் மேல் கறுப்பு நெயில் பாலிஷ்! எனக்கு முன்னால் எத்தனை பேரிடம் அதே உடைசலுக்குக் காசு வாங்கினாரோ.

பணம் கட்டும் முன் கரையிலேயே கேளுங்கள்: "காத்தை எதிர்த்துப் போக எடையை எங்க வைக்கணும்?" பின்கால் என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் இறக்கையின் விளிம்பை அவர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஜிபே பண்ணாதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தபோது முதலில் கேட்டது பில்தான். என்னிடம் இருந்தது ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அந்த எம்-சீல் போட்டோவும். இதே ஆளிடம் டெபாசிட் இழந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.