ஃபார்முக்கு ஃபார்ம் ஃபீல்டா, ஆளுக்கு ஒரே பதிவா? ஆன்போர்டிங் மென்பொருளில் ஊழியர் விவரங்கள்

புதிதாக வேலைக்குச் சேருபவரின் விவரங்களை ஆன்போர்டிங் (சேர்க்கை வேலைகளைக் கவனிக்கும்) மென்பொருளில் வைக்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் சேர்க்கை ஃபார்ம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) படிவம் 11, வங்கி விவரம், ஐ.டி. கார்டு என ஒவ்வொன்றுக்கும் தேவையான ஃபீல்டுகளை (நிரப்பும் கட்டங்களை) அந்தந்த ஃபார்முக்குள்ளேயே உருவாக்குவோம். இரண்டாவதில் பான், யு.ஏ.என். (ஊழியரின் பி.எஃப். அடையாள எண்), வங்கிக் கணக்கு எண் ஒவ்வொன்றையும் ஊழியர் பதிவில் ஒரே முறை வரையறுப்போம். ஃபார்ம்கள் அங்கிருந்து எடுத்துக் காட்டும். நான் தேர்ந்தது இரண்டாவது வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

முதல் வழி வேகமானது. அட்மின் உரிமை இல்லாத ஹெச்.ஆர். ஊழியரே பத்து நிமிடத்தில் ஒரு ஃபார்ம் போட்டுவிடலாம். இரண்டாவது வழிக்கு, அதாவது மையப் பதிவுக்கு, தரவு வகை, யார் நிரப்புவது, யார் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். விலையிலும் தோற்றத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

என்னைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: திருத்தம். சேரும் நாளில் இரண்டு வழியும் ஒன்று போலத்தான் தெரியும். சிக்கல் ஆறு மாதம் கழித்துத்தான் வரும். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. பிறகு அவற்றின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளைக்கான) குறியீடுகள் செல்லாமல் போயின. குறியீடு ஒரே இடத்தில் இருந்தால் அங்கே மாற்றினால் முடிந்தது. அதுவே வங்கி ஃபார்மிலும் செலவுத்தொகை ஃபார்மிலும் தனித்தனியாக இருந்தால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்போம். சம்பளம் போய்ச் சேரும், பயணச் செலவுத் தொகை திரும்பி வரும். எது சரியான எண் என்று மென்பொருளைக் கேட்டால் அதற்குப் பதில் இருக்காது.

பெயர் இதைவிடக் கடினம். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் உண்டு; வெளிநாட்டு மென்பொருள் பலவும் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும். ஒருவர் கடைசிப் பெயரில் புள்ளி வைப்பார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். அதனால் ஆதாரில் 'செல்வி கே' என்றிருப்பவர் பான் கார்டில் 'செல்வி கண்ணன்' ஆவார், வங்கியில் 'கே. செல்வி' ஆவார். ஆதாரோடு இணைக்காத யு.ஏ.என்.னுக்கு 2021 முதல் பி.எஃப். மாதக் கணக்கைப் பதிவேற்ற முடிவதில்லை. பெயர் பொருந்தாவிட்டால் அந்த இணைப்பே தடைபடும். ஆகவே 'பெயர்' என்று ஒரே ஃபீல்டு வைக்காதீர்கள். ஆதார்படி பெயர், பான்படி பெயர், வங்கிப்படி பெயர், அழைக்கும் பெயர் என நான்கு தேவை. மையப் பதிவில் இந்த நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், சேரும் அன்றே முரண்பாடு கண்ணில் படும்.

ஒவ்வொரு விவரத்துக்கும் மென்பொருள் உள்ளே பயன்படுத்தும், மாறாத உள்குறியீடு ஒன்றும், திரையில் தெரியும் தலைப்பு ஒன்றும் தனித்தனியே இருக்கட்டும். ஃபார்ம் வழியில் சி.எஸ்.வி. (அட்டவணைக் கோப்பு) எக்ஸ்போர்ட்டில் பெரும்பாலும் தலைப்பேதான் நெடுவரிசைப் பெயராக வரும். யாரோ 'வங்கிக் கணக்கு எண்' என்பதை 'கணக்கு எண்' என்று மாற்றினால், அடுத்த மாதம் அதைப் பேரோலில் (சம்பளக் கணக்கு மென்பொருளில்) இம்போர்ட் செய்யும்போது அந்த நெடுவரிசை காலியாக வரும். உள்குறியீட்டை வைத்து இணைத்திருந்தால் தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

சரிபார்ப்பு விதிகளையும் ஒரே இடத்தில் போட்டால் போதும். பான்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து; தனிநபருக்கு நான்காவது எழுத்து 'P'. ஐ.எஃப்.எஸ்.சி.: 11 இடம், ஐந்தாவது பூஜ்யம். யு.ஏ.என்.: 12 இலக்கம். வேலை செய்யும் ஊர் கட்டாயம் டிராப்டவுனாக (பட்டியலிலிருந்து தேர்வதாக) இருக்கட்டும். தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, கர்நாடகத்தில் மாதந்தோறும்; ஊரைக் கையால் தட்டச்சு செய்ய விட்டால் பிடித்தம் தவறும். மூடிய கிளையைப் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள், செயலிழக்க மட்டும் செய்யுங்கள். அழித்தால் பழைய ஊழியர்களின் பதிவில் அந்த இடம் வெற்றாகிவிடும்.

ஃபார்ம் வழிக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு: கையெழுத்திட்ட நாளில் என்ன எழுதினாரோ அது அப்படியே உறைந்து நிற்கும். மையப் பதிவில் இன்று திருத்தினால், அன்று நிரப்பிய படிவம் 11 கூட இன்றைய மதிப்பைக் காட்டும் அபாயம் இருக்கிறது. சமர்ப்பிக்கும் நொடியிலேயே பி.டி.எஃப். நகல் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். துறை, பதவி, ஊர் மூன்றுக்கும் 'எந்தத் தேதியிலிருந்து' என்ற குறிப்பும் வேண்டும். இந்த வசதி இல்லாத மென்பொருளில் மையப் பதிவைப் பரிந்துரைக்க எனக்கே தயக்கம்தான்.

பழைய ஃபார்ம்களிலிருந்து மாற்றும்போது எக்செல்தான் அதிகம் கெடுக்கும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்களில் மிச்ச இலக்கங்களை அது பூஜ்யமாக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் இப்படித்தான் போகும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் மறையும். அதனால் சி.எஸ்.வி.யை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' எனக் குறித்து இறக்குங்கள். ஆட்களைப் பொருத்தும்போது பெயரையோ மொபைல் எண்ணையோ நம்பாமல் ஊழியர் எண்ணை வைத்துப் பொருத்துங்கள். விட்டுப் போய்த் திரும்பச் சேர்ந்தவருக்கு இரண்டு எண் இருக்கும். அவர்களை முதலில் தனியே எடுத்து, பான் எண்ணை வைத்து ஒன்றாக்குங்கள். முதலில் பத்துப் பேரை மட்டும் ஏற்றி, ஒரு மாதச் சம்பளக் கணக்கைப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டு மீதியை ஏற்றலாம்.

வருடத்துக்கு ஐந்தாறு பேர் மட்டுமே சேரும் இடத்தில் இவ்வளவு ஏற்பாடு வேண்டுமா என்று கேட்டால், அழுத்திச் சொல்லமாட்டேன். அங்கே ஃபார்ம்களே போதலாம். அப்போதும் கணக்கு எண்ணையும் பெயரையும் மட்டுமாவது ஒரே ஃபார்மில் வாங்குங்கள், வேறெங்கும் மறுபடி கேட்காதீர்கள்.