எல்வி இப்போது வில்லோ கையில்: பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும்

தாய்ப்பால் எடுக்கும் எல்வி பம்பில் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியவை ஐந்து: மார்பில் பொருந்தும் ஷீல்டு, பால் இறங்கும் குழல், சீல், வால்வு, 150 மி.லி. பாட்டில். இவற்றில் ஆகச் சிறியது வால்வு. சோப்பு நுரையோடு சிங்க்கில் போய்விட்டால் தேடிக்கூடக் கிடைக்காது. அந்தச் சிலிகான் துண்டு இல்லாவிட்டால் மீதி எல்லாம் சும்மா கிடக்க வேண்டியதுதான். ஒரு பம்ப் கம்பெனியை இன்னொன்று வாங்கும்போது செய்தியில் வருவது முதலீடு, பேடன்ட், ஆப். பால் எடுக்கிற தாய்க்கு முதலில் இடிப்பது இந்த வால்வு அடுத்த மாதம் கிடைக்குமா என்பது. இந்த விமர்சனமும் அந்த இடத்தில் நின்றுதான் எழுதப்படுகிறது.

நடந்தது இது. லண்டனைச் சேர்ந்த எல்வி 2013-ல் தொடங்கப்பட்டது. ஒயரும் குழாயும் இல்லாமல் பிராவுக்குள் வைக்கும் பம்பை 2018-ல் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் வில்லோ அதற்கு முன்பே இதே வகைப் பம்போடு சந்தைக்கு வந்திருந்தது. 2023-ல் வில்லோ பேடன்ட் விஷயத்தில் எல்வி மீது அமெரிக்காவில் வழக்கே போட்டது. 2025 மார்ச்சில் எல்வி நொடித்துப்போய், அப்படிப்பட்ட கம்பெனிகளைக் கவனிக்க நியமிக்கப்படும் நிர்வாகிகள் கைக்குச் சென்றது. அவர்களிடமிருந்து வில்லோ அதை வாங்கிக்கொண்டது. நேற்றுவரை கோர்ட்டில் எதிரெதிரே நின்ற இரண்டு பேரின் பேடன்ட்களும் இன்று ஒரே பெட்டியில்.

கம்பெனி கைமாறுவதே கெட்ட சகுனம் என்று சொல்ல முடியாது. பால் பம்ப் விற்கும் லான்சினோவை ஜப்பானின் பிஜியன் 2004-ல் வாங்கியது, அதே ரக அவென்ட்டை பிலிப்ஸ் 2006-ல் வாங்கியது. இரண்டு பெயரும் இன்றும் கடையில் இருக்கின்றன. அங்கே வாங்கியவர்கள் பெரிய கை. ஆனால் நொடித்த கம்பெனியை நிர்வாகிகளிடமிருந்து வாங்குவது வேறு கணக்கு. வாங்குபவர் பெயர், வடிவமைப்பு, சரக்கு, பேடன்ட் என்று வேண்டியதை எடுத்துக்கொள்வார். பழைய கம்பெனி கொடுத்த வாரண்டி வாக்குறுதி தானாகக் கூடவே வந்துவிடாது. வாங்குபவர் மனமுவந்து ஏற்றால்தான் உண்டு. அதனால் 2025 மார்ச்சுக்கு முன்பு வாங்கிய பம்புக்கு "எல்வி வாரண்டி இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

பிரிட்டனில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரசீதை. ஜான் லூயிஸ், பூட்ஸ் மாதிரிக் கடையில் வாங்கியிருந்தால் உங்கள் ஒப்பந்தம் கடையோடுதான், எல்வியோடு அல்ல. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் சரிசெய்யவோ மாற்றித்தரவோ கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. "தயாரிப்பாளரிடம் கேளுங்கள்" என்று கவுன்டரில் சொன்னால் நகர வேண்டாம்.

எல்வியின் சொந்தத் தளத்தில் வாங்கியவர்கள் நிலைமைதான் சிக்கல். பழைய கம்பெனியிடம் பணம் கேட்கும் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்து, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் என்றால் ஒரு வழி உண்டு. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, விற்றவரோடு சேர்த்து கார்டு கொடுத்த வங்கியையும் பொறுப்பாக்குகிறது. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. வங்கிக்கு எழுதும்போது ரசீது, பழுது தெரிந்த தேதி, பம்ப் ஓடும் ஒரு சின்ன வீடியோ மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சத்தம் வருகிறது, பால் வரவில்லை என்பது வீடியோவில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் காப்பீடு வழியாகப் பம்ப் வாங்கியவர்கள், அதை அனுப்பிய மருத்துவ உபகரண சப்ளையரை முதலில் கூப்பிட வேண்டும். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. பழுதானால் மாற்றித்தருவது நீங்களா, கம்பெனியா? உதிரி பாகங்களைக் காப்பீட்டில் மறுபடி அனுப்புவீர்களா? பல திட்டங்கள் ஒரு பிரசவத்துக்கு ஒரு பம்ப்தான் தரும். அந்த ஒன்றை எதற்குச் செலவழிப்பது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி பம்புக்கு வருவோம். எல்வி பம்பின் பெருமை அதன் சத்தமின்மை. உள்ளே பிஸ்டன் கிடையாது. மின்சாரம் பட்டதும் அதிரும் சின்னத் தகடு கொண்ட பீசோ பம்ப்தான் காற்றை இழுக்கிறது. பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. சீல் சரியாக அமராமல் பாலோ ஈரமோ, இந்தப் பம்பும் பேட்டரியும் இருக்கும் ஹப்புக்குள் போனால், பிரித்துத் துடைத்துச் சரிசெய்ய வழியில்லை. ஹப்பே மாற்ற வேண்டும். கம்பெனி கைமாறிய நேரத்தில் அது எளிதல்ல. அதனால் ஹப்பைக் குழாயடியில் காட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சீலை மாட்டுவதற்கு முன் நன்றாக உலரவிட்டு, விளிம்பைச் சுற்றி ஒரு முறை விரலால் அழுத்திவிட வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் எழும்பி நிற்பதுதான் "சார்ஜ் இருக்கிறது, ஓடுகிறது, இழுக்கவில்லை" என்ற புகாருக்கு வழக்கமான காரணம்.

அடுத்த காரணம் வால்வு. வாத்து அலகு மாதிரி இருக்கும் எந்த வால்வுக்கும் சோதனை ஒன்றுதான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அழுத்தாதபோது பிளவு முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒளிக்கீற்று தெரிந்தாலோ, உதடு சுருண்டிருந்தாலோ ஆயுள் முடிந்தது. உள்ளே பிரஷ் விட்டுத் தேய்ப்பதும் ஓயாமல் கொதிக்கவைப்பதும் அந்தப் பிளவைச் சீக்கிரம் தளர்த்திவிடும். பால் அளவு திடீரென்று குறைந்தால் முதலில் வால்வை மாற்றிப் பாருங்கள். சக்‌ஷனை இரண்டு மூன்று படி ஏற்றினால் காம்பு புண்ணாகும், பாலும் கூடாது. "பால் வற்றிவிட்டது" என்று வெந்தயமும் பூண்டும் தேடிப்போவதற்கு முன் இந்தத் துண்டைப் பார்த்துவிடலாம்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும்? ஒரு நாளைக்கு நான்கைந்து முறை எடுப்பவருக்கு வால்வு இரண்டு மாதம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எட்டு மாதம் எடுக்கப்போகிறீர்கள், இரண்டு பக்கமும் பம்ப் என்றால் எட்டு வால்வு. அதோடு சீல் ஒரு ஜோடி, பாட்டில் ஒன்று போதும். ஷீல்டு சீக்கிரம் தேயாது. ஆன்லைன் சந்தையில் மலிவாக வரும் "எல்விக்குப் பொருந்தும்" வால்வுகளை ஒரு ஜோடி மட்டும் வாங்கி, அதே வெளிச்சச் சோதனையை வைத்துவிட்டுப் பிறகு கூடுதலாக வாங்குங்கள்.

ஷீல்டு அளவில், அதாவது காம்பு நுழையும் துவாரத்தின் விட்டத்தில், ஒரு நிம்மதி. எல்வி பெட்டியில் வந்தவை 24, 28 மி.மீ.; 21 தனியாக வாங்க வேண்டும். காம்பின் அடியை அளந்து பார்த்தால் 13, 15, 17 என்று வருகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு 24 மி.மீ. ஷீல்டுக்குள் செருகும் சிலிகான் இன்சர்ட் போதும், அதைப் பல கம்பெனிகள் செய்கின்றன. இந்த ஒரு பாகத்துக்கு யாரையும் நம்பி இருக்க வேண்டாம்.

வில்லோவின் பக்கம் வேறு மாதிரி. அதன் தனிச்சிறப்பு, படுத்துக்கொண்டோ குனிந்துகொண்டோ எடுத்தாலும் சிந்தாத பை. எல்வி பம்பைப் போட்டுக்கொண்டு தரையில் கிடக்கும் பொம்மையை எடுக்கக் குனிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பை 120 மி.லி. மட்டுமே பிடிக்கும், ஒரு முறைதான் பயன்படும். அறிமுகமானபோது ஒரு பை சுமார் அரை டாலர். இரண்டு பக்கமும் நாளைக்கு நான்கு முறை என்றால் எட்டுப் பை, நான்கு டாலர். மாதம் 120 டாலர். பையை வேறு யாரும் செய்யாதவரை விலையைத் தீர்மானிப்பது ஒரே ஆள். வில்லோ 360 வைத்திருப்பவர்கள் கழுவிப் பயன்படுத்தும் கன்டெய்னரைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொண்டு, பையை ராத்திரிக்கும் பயணத்துக்கும் ஒதுக்குவது நல்லது. 'வில்லோ கோ' என்ற இன்னொரு மாடலில் பைத் தொல்லையே இல்லை, 150 மி.லி. கிண்ணம்தான், குனிந்தால் அதுவும் சிந்தும்.

இப்போது ஒரே கூரைக்குக் கீழே எல்வி பம்ப், எல்வி ஸ்ட்ரைடு, வில்லோ 360, வில்லோ கோ. ஒரே வேலைக்கு நான்கு மாடலை எந்தக் கம்பெனியும் ரொம்ப நாள் சுமக்காது. சிந்தாத பையும், மோட்டார் இடுப்பில் தொங்கும் ஸ்ட்ரைடும் தனித்தனி ரகம். கிண்ணத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த எல்வி பம்பும் வில்லோ கோவும்தான் நேருக்கு நேர் மோதுகின்றன. இதில் 2018 வடிவமைப்பை நம்பி இன்று புதிதாகப் பணம் போடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. எல்விதான் வேண்டும் என்றால் ஸ்ட்ரைடு. அதன் உச்ச இழுவிசை 270 மி.மீ. பாதரசம், பழைய பம்பில் 220. எண் பெரிதானால் பாலும் கூடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மோட்டார் வெளியே தனியாக இருப்பதால் கிண்ணம் வீணானாலும் ஹப் தப்பும்.

ஆப் விஷயம் சுருக்கமாக. எல்விக்கும் வில்லோவுக்கும் கருவியிலேயே பட்டன் உண்டு, ஆப் இல்லாமலும் ஓடும். பால் அளவும் பழைய பதிவுகளும்தான் போகும். ஒரு தடவை ஆப்பைத் தொடாமல் முழுதாக எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். போன் மாற்றுகிற அன்று ஸ்டோரில் ஆப் இல்லாமல் போனாலும் பதற்றமிருக்காது.

பழைய ஹப்புகள் மலிவு விலைக்கு வரும். வாங்க வேண்டாம். இவை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பம்புகள்; பகிரக் கூடாது என்பதே மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் நிலையும். பேட்டரியையும் நம்ப முடியாது. அடுத்த குழந்தைக்கென்று உங்கள் பம்பையே எடுத்துவைப்பதானால், காலியாகப் போடாமல் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றி, சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்து ஏற்றிவையுங்கள்.

காப்பீட்டுப் பம்ப் ஒன்றுதான் என்றால் அதைப் பிராவுக்குள் வைக்கும் பம்புக்குச் செலவழிக்காதீர்கள். குழந்தை நேரடியாகக் குடிக்காமல் முழுக்கப் பம்பையே நம்பியிருப்பவருக்கு இது கட்டாயம். ஸ்பெக்ட்ரா எஸ்1, எஸ்2 மாதிரி மேசைப் பம்புகளுக்கு வால்வும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வும் குழாயும் வேறு பல கம்பெனிகளும் செய்கின்றன. எஸ்1-ல் பேட்டரி உண்டு. எஸ்2 பிளக்கில்தான் ஓடும். கை காலியாக இருக்க வேண்டுமென்றால், அதே குழாயில் மாட்டிப் பிராவுக்குள் வைக்கும் கிண்ணங்கள் தனியாகக் கிடைக்கின்றன. கிண்ணக் கம்பெனி மூடினாலும் மோட்டார் உங்களிடம் இருக்கும்.

எந்தப் பம்ப் என்றாலும் அலுவலகப் பையில் மெடெலா ஹார்மனி மாதிரி ஒரு கைப்பம்ப் கிடக்கட்டும். ஹப் செத்த அன்று பால்கட்டிக்கொண்டு மாலைவரை தவிக்காமல் இருக்க அது போதும். அதற்கும் ஒரு ஸ்பேர் வால்வு.